பாட வாசிப்பவர்: நாஞ்சில் நாட்டு மாணவர் இசையிதழின் கேட்போர் குறித்து ஒரு கருத்துரை

நூலொன்றுக்குச் சிறப்புப்பாயிரம் உரைப்போர் கூறவேண்டியவை எட்டு என்று நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகியவற்றின்பின் ஏழாவதாக நிற்பது ‘கேட்போர்’, எட்டாவது பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதைப் பவணந்தியாரே குறித்துச் செல்கிறார். இதழியல் பாடநூல்கள் இன்று ‘இலக்கு வாசகர்’ என்று வழங்கும் கருத்து, ஆகவே, தமிழுக்குப் புதியதன்று. ஆயினும் இரு சொற்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலக்கு என்னும் சொல் வாசகரைத் தொலைவில் நிறுத்திக் குறிவைக்கிறது. கேட்போர் என்னும் சொல் அவரை நூல் அரங்கேறும் இடத்தில் உடன் அமர்த்துகிறது. மாணவர் நடத்தும் இசையிதழ் ஒன்றை வடிவமைக்கும்போது இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்பதே இக்கருத்துரையின் வினா. குமரி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளை முன்வைத்து இதனைப் பேச விழைகிறேன்.

இசையிதழை வடிவமைத்தல் என்னும் பயிற்சி, வகுப்பறைக்குள் வந்த வழி சுவையானது. இங்கிலாந்தின் ஏ-நிலை ஊடகப் படிப்பில், மாணவர் முதலில் தம் கல்லூரிக்கான இதழ் ஒன்றின் அட்டையைப் பழகிப் பார்த்து, பின்னர்ப் புதியதோர் இசையிதழின் அட்டை, உள்ளடக்கப் பக்கம், இருபக்கச் சிறப்புக் கட்டுரை ஆகியவற்றை உருவாக்கித் தரவேண்டும் என்பது பல்லாண்டுகள் பாடத்தேவையாக இருந்தது. வாசகரின் வயது, பாலினம், வருவாய், விரும்பும் இசைவகை ஆகியவற்றை வரையறுத்துவிட்டு, அதற்கேற்ப வண்ணமும் எழுத்துருவும் தேர்ந்ததாக அவர்கள் எழுதிக் காட்டவேண்டும். விளம்பரத்தை நம்பி வாழும் இதழுக்கு இவ்வரையறை பொருந்தும். விளம்பரதாரரிடம் விற்கப்படும் சரக்கு அங்கு வாசகரே. நம் கல்லூரிகளில் இதழியல் தாளுக்காக மாணவர் ஒப்படைக்கும் மாதிரி இதழ்களைத் தொடர்ந்து பார்த்துவருவோர் இதே வார்ப்பு இங்கும் இறங்கியிருப்பதை அறிவர். அட்டையில் திரையிசையமைப்பாளரின் முகம். உள்ளே ‘முதல் பத்துப் பாடல்கள்’. கடைசியில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர். வட்டார மணம் வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தினால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண் படம் ஒன்று சேரும். அத்தூணைச் சுற்றுலாத்துறை போதிய அளவு அச்சிட்டுவிட்டது.

இம்மாதிரி இதழைச் செய்த மாணவியின் தாத்தா குடம் அடிப்பவராக இருக்கலாம். அவள் தாய் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுபவராக இருக்கலாம். அந்தச் செய்தி இதழில் எங்கும் வராது. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம்; தன் வீட்டு இசை கல்லூரிக்குரிய இசையன்று என்று அவளே கருதியிருப்பது மற்றொரு காரணம். அதே துறையில் இரண்டாண்டு கழித்து முதுகலை ஆய்வேட்டுக்காக அவள் தாத்தாவிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போவாள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் ‘தகவலாளி’ என்று பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு பதிவாவார். பிணைத்த ஏடு நூலகத்துக்குப் போகும். அவர் அதனைக் காண்பதில்லை. இசையிதழின் கேட்போர் யார் என்னும் வினாவை ஆய்வாளர் பொருட்படுத்தவேண்டியது இதனால்தான். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரை வாசகராக எண்ணாமலேயே ஒரு துறை முழுவதும் எழுதிப் பழகியிருக்கிறது.

பாட வாசிப்பவர்

இம்மாவட்டத்தின் பாடல் மரபுகளை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஒரு பொதுக்கூறு புலப்படும். இங்குப் பாடுபவர் கையில் பெரும்பாலும் ஓர் ஏடோ புத்தகமோ குறிப்பேடோ இருக்கிறது. நாட்டார் இசை என்றதும் ‘வாய்மொழி’ என்று எழுதிக் கடந்துவிடும் நமக்கு இது சற்று இடைஞ்சலான செய்தி.

வில்லுப்பாட்டை முதலில் நோக்கலாம். முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில்களில் நடைபெறும் கொடை விழாவில் இரவு நெடுகக் கதை பாடப்படுகிறது. வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்க, அண்ணாவி கதையைப் பாட்டாகவும் இடையிடையே உரைநடையாகவும் நகர்த்துகிறார். அவர் எடுத்த அடியைப் பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகின்றனர். நாஞ்சில் நாட்டில் களப்பணி செய்து இக்கலையை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பே ‘நிகழ்த்துதலில் பிரதிகள்’ என்று பொருள்படுவது. எழுத்தில் நிலைபெற்ற பிரதியும் அவ்விரவின் பாட்டும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை அவர் விரிவாகக் காட்டியுள்ளார். பனையோலையில் இருந்த கதைகள் குறிப்பேட்டுக்கு வந்தன. ஆசானிடம் இருந்த படியை மாணாக்கர் பார்த்தெழுதிக்கொண்டனர். அ. கா. பெருமாள் போன்றோர் தேடித் தொகுத்த கதைப்பாடல்கள் பலவற்றுக்கும் இத்தகைய ஏடுகளும் குறிப்பேடுகளுமே மூலம். அண்ணாவி என்பவர் நினைவாற்றல் மிக்க பாடகர் மட்டுமல்லர்; அவர் ஒரு படிவைத்திருப்பவர், படியெடுப்பவர், பாடங்களை ஒப்பிட்டுத் தேர்பவர். மூலபாடத் திறனாய்வு என்று நாம் பெயரிட்டு நடத்தும் பணியின் பெரும்பகுதியை அவர் பெயரிடாமல் செய்துவருகிறார்.

தக்கலைக்கு வருவோம். பீர்முகம்மது அப்பாவின் நினைவு நாளில் அவரது தர்காவில் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சி இரவெல்லாம் பாடப்படுகிறது. குரல்கள் பல, நூல் ஒன்று. சாமிதோப்பிலும் ஊர்தோறும் உள்ள நிழல் தாங்கல்களிலும் அகிலத்திரட்டு அம்மானை இசையோடு வாசிக்கப்படுகிறது. கார்த்திகை மாதத்தில் சாமிதோப்பில் நிகழும் திருஏடு வாசிப்பு பதினேழு நாள் நீள்வது. அந்நிகழ்வுக்கு வழங்கும் பெயரே ‘வாசிப்பு’ என்பதை நோக்குக. தமிழில் வாசித்தல் என்னும் வினை நூலுக்கும் உரியது, நாகசுரத்துக்கும் உரியது. இவ்விரு பொருளும் ஒன்றாகும் இடங்களில் ஒன்று சாமிதோப்பு.

கிறித்தவ ஆலயங்களில் ஞாயிறுதோறும் மக்கள் கையில் இருப்பவை பாமாலையும் கீர்த்தனை நூலும். ரிங்கல்தௌபே மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுப்பிய காலந்தொட்டு இம்மாவட்டத்தில் எழுத்தறிவும் கூட்டுப்பாடலும் சேர்ந்தே வளர்ந்தன எனலாம். வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களையும் பிறருடையவற்றையும் சேர்த்து எட்வர்டு வெப் 1853இல் பதிப்பித்த தொகுப்பின் வழிவந்த கீர்த்தனை நூல்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் பகுப்பும், தலைப்பில் இராகமும் தாளமும் இடம்பெற்றன. கருநாடக இசையரங்குக்கு ஒருநாளும் போயிராத உழவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி, தான் பாடும் பாட்டு இன்ன தாளத்தது என்பதை அச்சுப்பக்கத்திலிருந்து அறிந்தாள். வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்து பத்மநாபபுரத்தில் வளர்ந்த நீலகண்ட சிவனின் தமிழ்க் கீர்த்தனைகள் பஜனைக் கூட்டங்களின் வழியே பரவியவை. அவற்றால் ஊக்கம் பெற்ற பாபநாசம் சிவன் பின்னாளில் தமிழிசை மேடையின் முதன்மைப் பெயர்களில் ஒருவரானார்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் அதுவே மிகுதி. மாவட்டப் பெருமையாகப் பலகால் எடுத்தோதப்படும் இவ்வெண்ணை இங்கு வேறொரு காரணத்துக்காகச் சுட்டுகிறேன். பாடும் மக்களும் வாசிக்கும் மக்களும் இங்கு இருவேறு கூட்டத்தினர் அல்லர். எனவே மாணவர் இசையிதழ் தன் கேட்போரைப் புதிதாகக் கற்பனை செய்யவேண்டியதில்லை. பாடுவதற்காக வாசிப்பவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறார். மாணவர் பலருடைய வீட்டிலேயே இருக்கிறார். அவருக்காக இதழை வடிவமைக்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

தமிழில் இசை குறித்த இதழெழுத்து வேறொரு வாசகரைக் கொண்டு வளர்ந்தது. கல்கி ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய மதிப்புரைகள் கச்சேரிக்குப் போய்வந்தவருக்கும் போக விரும்பியவருக்கும் உரியவை. சென்னை மியூசிக் அகாதெமியின் ஆய்விதழ் 1930இல் தொடங்கியபோது அதன் வாசகர் இசை வல்லுநர். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றுவதற்கு முன்னும் பின்னும் இதழ்களில் நிகழ்ந்த விவாதமும், மேடையில் எம்மொழிப் பாடல் ஒலிக்கவேண்டும் என்பதைப் பற்றியதே. மூன்றிலும் வாசகர் ஒரு சுவைஞர். அவர் அரங்கின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். நாகர்கோவிலைச் சுற்றிச் சிற்றிதழ்களுக்குக் குறைவில்லை. கொல்லிப்பாவையும் சதங்கையும் இங்கு வளர்ந்தவை. சுந்தர ராமசாமி காலச்சுவட்டை 1988இல் இங்கிருந்துதான் தொடங்கினார். அவற்றின் வாசகர் இலக்கிய வாசகர், அது முறையானதே. குடத்தின் பின்னாலும் ஆர்மோனியத்தின் பின்னாலும் அமர்ந்திருப்பவருக்கான இதழ் இன்னும் எழுதப்படவேண்டியிருக்கிறது.

அச்சு முன்பே அறிந்தவை

இத்தகைய வாசகருக்கு எவ்வாறு பக்கம் அமைப்பது என்பதற்கு வெளிநாட்டு வடிவமைப்புக் கையேடுகளைத் தேடவேண்டியதில்லை. மலிவு அச்சுத் தமிழ் அதனை நெடுங்காலம் முன்பே தீர்த்திருக்கிறது. ‘பெரிய எழுத்து’ என்னும் அடையோடு வெளிவந்த கதைப்புத்தகங்களை எண்ணிப் பாருங்கள். எழுத்தின் அளவையே நூற்பெயரின் முதற்சொல்லாக வைத்த பதிப்பாளர், தம் கேட்போர் யார் என்பதை ஒரே சொல்லில் அறிவித்துவிட்டார்: எழுத்துக்கூட்டி வாசிப்பவர், விளக்கொளியில் வாசிப்பவர், பிறர் கேட்க உரக்க வாசிப்பவர். நூலியல் அட்டவணைகளில் இவ்வடையை நீக்கிவிட்டுத் தலைப்பைப் பதியும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்நூலின் பாயிரத்தையே நீக்கிவிடுவதற்கு அது ஒப்பாகும்.

அதனினும் நுட்பமானது ‘வர்ணமெட்டு’. நாடகப் பாடல் நூல்களிலும் பத்திப் பாடல் சிறுநூல்களிலும் பாட்டின் தலைப்பில், மக்கள் முன்பே அறிந்த வேறொரு பாட்டின் தொடக்கத்தைக் கொடுத்து, அதன் மெட்டில் இதனைப் பாடுக என்று குறிப்பது வழக்கமாக இருந்தது. சுரக்குறிப்பு இல்லை; இராகப்பெயர் கூட இராது. வாசகர் அந்தப் பழைய பாட்டை அறிந்திருந்தால் போதும். அறியாதவர் அயலாரைக் கேட்கவேண்டும். ஒரு சமூகத்தின் பொதுநினைவையே இசைக்குறியீடாகப் பயன்படுத்திய முறை இது. எந்தப் பாட்டை எல்லாரும் அறிவர் என்று பதிப்பாளர் எண்ணினார் என்பதை இன்று நாம் அதிலிருந்து மீட்டெடுக்கலாம். இசை வரலாற்றாய்வுக்கு இத்தலைப்புக் குறிப்புகள் ஒரு பெரிய சான்றுத் தொகுதி, தனியே ஆராயத்தக்கவை.

எதிர்ச்சான்றும் உண்டு. அ. மு. சின்னசாமி முதலியார் தென்னிந்தியப் பாடல்களை மேலைநாட்டுக் கோட்டுக்குறியீட்டில் எழுதி 1892 முதல் பகுதி பகுதியாகச் சென்னையில் வெளியிட்டார். உழைப்பில் அது அளப்பரியது. ஆனால் அக்குறியீட்டை வாசிக்கத் தெரிந்தவர்க்கு அப்பாடல்கள் தெரியா. பாடல்களைப் பாடத் தெரிந்தவர்க்குக் குறியீடு தெரியாது. முயற்சி நீடிக்கவில்லை. எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானபோது, சின்னசாமி முதலியார் அதற்கு ஊக்கமாகவும் துணையாகவும் இருந்தார். அந்நூல் தெலுங்கெழுத்தில் சுரங்களை வைத்து, கமகங்களுக்குத் தனிக்குறிகள் அமைத்துக்கொண்டது. பாடுவோர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த எழுத்திலிருந்து அது தொடங்கியது. எட்டயபுரம் பிரதி இன்றும் பயிலப்படுகிறது. மாணவர் இசையிதழில் வில்லுப்பாட்டுக்குக் கோட்டுக்குறியீடு தரலாமா என்னும் வினா எழுந்தால் இவ்விரு முயற்சிகளையும் நினைவிற்கொள்வது நல்லது. ஆலயப் பாடகர் குழுவின் நான்கு குரல் பாடலுக்கு அக்குறியீடே உரியது, அவர்கள் அதனை வாசிக்கிறார்கள். அண்ணாவிக்கு அடிபிரிப்பும் மெட்டுப்பெயரும் போதும்.

திரைப்படக் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். கதைச்சுருக்கம் பாதியில் நிற்கும், ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற பாங்கில். பாடல்கள் முழுமையாக இருக்கும். அதனை வாங்கியவர் பாட விரும்பியவர். இங்கிலாந்தில் 1978இல் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ் என்னும் இளைஞர் இதழும் பாடல் வரிகளை அச்சிட்டே வாசகரைப் பெற்றது. 2006 வரை வந்தது. அந்நாட்டின் இசைச் செய்தி இதழ்களில் மூத்தவற்றுள் ஒன்றான என்.எம்.இ. 1952 முதல் வாரந்தோறும் அச்சில் வந்து 2018இல் வார அச்சை நிறுத்தியது. புதிய இசை எது என்பதைச் சொல்லும் பணியைக் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. அதில் அச்சிதழ் போட்டியிட முடியாது. பாடுபவர் முன் விரித்து வைக்கக்கூடிய தாளாக இருத்தல் என்னும் பணி அச்சிடம் இன்னும் இருக்கிறது.

எழக்கூடிய தடைகள்

மாணவர் கேட்பது திரையிசையும் தனிப்பாடல்களும் ராப்பும். அவர்களை விட்டுவிட்டு அவர்கள் தாத்தாவுக்கு இதழ் நடத்துவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் மாணவர் இதழ் என்பது மாணவர் நடத்தும் இதழ். மாணவர் மட்டும் வாசிக்கும் இதழ் என்று பொருளன்று. மேலும், ராப் பாடும் மாணவரும் பாட வாசிப்பவரே. எழுதி, அடிபிரித்து, மூச்சு நிற்கும் இடம் குறித்துக்கொண்டே அவர் பாடுகிறார். அவர் குறிப்பேட்டின் ஒரு பக்கமும் அண்ணாவியின் குறிப்பேட்டின் ஒரு பக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிழற்படமாக வரட்டும். திரையிசை இடம்பெறலாகாது என்பது என் கருத்தன்று. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டை நகர மேடைக்குக் கொண்டுசென்றவர்; திரையும் கொடையும் இம்மண்ணில் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. நட்சத்திரச் செய்தி மட்டும் வேண்டா, அதற்கு வேறு இடங்கள் உள்ளன.

இரண்டாவது தடை கடுமையானது. கொடைக் கதைகளில் பல, சாதி மீறிய காதலையும் கொலையையும் பற்றியவை. நா. வானமாமலை 1971இல் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் பாடவேறுபாடுகளே இதற்குப் போதிய சான்று. எந்தப் பாடம் அச்சேறுகிறது என்பது எந்தச் சமூகம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இந்துக்களும் கிறித்தவரும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் மாவட்டம் இது. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தின் நினைவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒருவர் வழிபாட்டுப் பாட்டை மற்றவர் கையில் கொடுப்பது எளிய செயலன்று. இதனால் இசையிதழே வேண்டா என்பார்க்கும், எல்லாவற்றையும் நல்லிணக்கம் என்னும் தலைப்பில் கலந்து வைப்போம் என்பார்க்கும் என் விடை ஒன்றே: பாடுபவரையே கேளுங்கள். வழிபாட்டிடத்துக்கு வெளியே பாடலாகாது என்று அவர் சொல்லும் பகுதி இருந்தால் அது அச்சேறலாகாது. எந்தப் பாடம் யாருடையது என்பது பாட்டின் தலைப்பிலேயே வரவேண்டும்: பாடியவர் விரும்பும் பெயர், அவர் ஆசான் பெயர், ஊர், பாடப்பட்ட திருநாள். வேறுபாடம் உடையவர் அடுத்த இதழில் அதனைத் தரலாம் என்னும் அழைப்பு நிலையாக இருக்கவேண்டும். ஒருகதைக்கு ஒரே பாடம் என்னும் எண்ணத்தை நூல் உண்டாக்கும். தொடர்ந்து வரும் இதழ் அதனைக் குலைக்கும். இதழ் என்னும் வடிவத்தின் பயன் இங்குத்தான் மிகுதி.

மூன்றாவது தடை நம்முடையது. மதிப்பீட்டாளர் பார்வைக்குட்பட்ட ஆய்விதழில் கட்டுரை வந்தால் பணியுயர்வுக்குப் புள்ளி உண்டு. மாணவர் இசையிதழுக்கு ஆசிரியப் பொறுப்பேற்றால் அது துறைச் செயல்பாடு என்னும் கட்டத்தில் ஒரு வரியாக முடியும். நா. வானமாமலை 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழைத் தொடங்கியபோது எப்புள்ளியும் இல்லை. நெல்லை ஆய்வுக்குழுவின் கூட்டங்களில் இளைஞர் கட்டுரை படித்தனர். அவற்றுள் பல இதழேறின. தமிழ் நாட்டார் வழக்காற்றியலின் முதல் தலைமுறை ஆய்வாளர் சிலரை அக்கூட்டங்களே ஆக்கின. அவ்விதழை இன்று மேற்கோள் காட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. அதைப்போல் ஒன்றை நடத்துவதற்குத்தான் நேரமில்லை.

பக்கமும் பருவமும்

இனி வடிவமைப்பைப் பற்றிச் சில. இரண்டு ஃபாரம், முப்பத்திரண்டு பக்கம், டெமி அளவு, நடுவில் பின் அடித்தது. முதுகு ஒட்டிய இதழ் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். இரு கையும் கருவியில் இருப்பவருக்கு அது பயன்படாது. பாடற்பகுதி 14 புள்ளிக்குக் குறையலாகாது. கட்டுரைகளுக்கு 11 போதும். கட்டுரை எழுதும் ஆசிரியர்கள் வருந்தவேண்டியதில்லை. பாட்டின் பின்புலத்தில் நிழற்படம் வேண்டா. வண்ணத்தின் மீது வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டா. நள்ளிரவில் கோயில் பந்தலின் குழல்விளக்கில் அதனை வாசித்துப் பார்த்தால் காரணம் புரியும். பளபளப்புத் தாளும் அந்த வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். ஒரு விருத்தமோ ஒரு சரணமோ பக்கம் புரளும் இடத்தில் பிளவுபடலாகாது. இடம் மிஞ்சினால் வெற்றிடமாக விடுக. பாடுபவர் அதில் குறித்துக்கொள்வார். அண்ணாவி எடுக்கும் அடி இடப்பக்க ஓரத்தில் தொடங்கட்டும், பக்கப்பாட்டுக்காரர் வாங்கும் அடி சற்று உள்தள்ளி நிற்கட்டும். எழுத்துருவை மாற்றி இவ்வேறுபாட்டைக் காட்ட முயல்வது வடிவமைப்பாளருக்கு மகிழ்ச்சி தரும், வாசிப்பவருக்கு இடையூறு தரும்.

ஒவ்வொரு பாட்டின் கீழும் கியூ.ஆர். குறி ஒன்று இருக்கலாம். கைபேசியை அதன்மேல் காட்டினால் பாடியவரின் ஒலிப்பதிவு கிடைக்கும். வர்ணமெட்டு செய்த பணியைப் பொதுநினைவு மங்கிய இக்காலத்தில் அது ஓரளவு செய்யும். ஆயினும் மெட்டின் பெயரை எழுத்திலும் கொடுக்கவேண்டும். ஒலிப்பதிவு இருக்கும் இணையக் கணக்கு மாணவர் படிப்பு முடிந்து வெளியேறியதும் கேட்பாரற்றுப் போகக்கூடியது.

சொல்வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தமிழில் மலையாளச் சொற்கள் இயல்பாகக் கலந்திருக்கின்றன; 1956 நவம்பர் 1 வரை இம்மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததே. அச்சேற்றும்போது மாணவர் கை தானாகவே அவற்றைத் திருத்தும். பாட்டில் அவ்வாறு திருத்தினால் எதுகை கெடும், தாளம் நொண்டும். எனவே பாடியபடியே அச்சிடவேண்டும், பொருள் விளங்காத சொல்லுக்குப் பக்க அடியில் பொருள் தரவேண்டும். தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தை வட்டாரச் சொல்லோடு இதழில்தான் முதலில் வெளியிட்டார் என்பதைத் திருத்தும் கை நினைவில் வைக்கட்டும்.

பருவத்தைப் பற்றியும் முடிவெடுக்கவேண்டும். பாயிரத்தின் ‘காலம்’ என்னும் உறுப்பு அது. கல்லூரி ஆண்டு மலர்கள் கல்வியாண்டின் இறுதியில், பங்குனியில் அச்சகத்துக்குப் போகும். அதுவே கொடைகள் தொடங்கும் பருவம். இதழ் கைக்கு வரும்போது பாடுபவருக்குப் பொழுதிராது, மாணவருக்குத் தேர்வு. இசையிதழுக்கு ஆண்டுக்கு இரண்டு வெளியீடு போதுமானது. ஒன்று நவராத்திரியை ஒட்டி, பத்மநாபபுரத்துச் சரசுவதி திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டப இசையரங்கை நோக்கிப் புறப்படும் நாளில். கார்த்திகைத் திருஏடு வாசிப்பு, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் கரோல் ஆகியன அதன் பின்னே வருவன. மற்றொன்று தை இறுதியில், கொடைக்கு முன்பாக. தக்கலையின் ஆண்டுவிழா பிறைக்கணக்கைப் பின்பற்றி நகர்வது. அதற்குரிய பக்கங்களை அவ்வாண்டு எந்த இதழ் முந்துகிறதோ அதில் வைக்கலாம்.

படிகள் எங்குக் கிடைக்கவேண்டும் என்பது ‘களம்’. நூலகத்துக்கு இரண்டு, மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒன்று, எஞ்சியவை விருந்தினர்க்கு நினைவுப்பரிசு என்னும் முறை இதற்கு உதவாது. பாடியவர் ஒவ்வொருவருக்கும் அவர் குழுவினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் படிகள் முதலில் போகவேண்டும். குடம் அடிப்பவருக்கும் ஒன்று. மிகுதி, தோவாளைப் பூச்சந்தையை அடுத்த தேநீர்க்கடையிலும் ஆலய வாசலில் புத்தகம் விற்கும் மேசையிலும் தக்கலைத் தெருக்கடையிலும் ஒரு பாட்டுப் புத்தகத்தின் விலையில் கிடைக்கட்டும்.

அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்தத்தை இரு நிலைகளில் செய்யவேண்டும். எழுத்துப்பிழையைத் துறையில் பார்க்கலாம். பிறகு ஒரு மாணவர் தாளை எடுத்துக்கொண்டு பாடியவர் வீட்டுக்குப் போகட்டும். அவர் கையில் குறிப்பேட்டுக்குப் பதில் அந்தத் தாளைக் கொடுத்துப் பாடச் சொல்லட்டும். அவர் குரல் எந்த வரியில் இடறுகிறதோ அந்த வரியில் அடிபிரிப்பு பிழைபட்டிருக்கிறது. அங்குச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு திரும்பவேண்டும்.